பானகத்துக்கு நுரை கட்டுவது எப்படி?

அழகர் ஆற்றில் இறங்குகிற நாளில் மதுரைக்குள் நடந்தவர்களுக்குத் தெரியும். பத்தடிக்கு ஒரு பந்தல், பந்தலுக்கு ஓர் அண்டா. ஒன்றில் நீர்மோர், அடுத்ததில் பானகம். வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய். நாலு டம்ளர் குடித்த பிறகும் கை அஞ்சாவதுக்கு நீளும். அந்தப் பானகத்தில் கொஞ்சம் நுரையும், நாக்கு ஓரத்தில் ஒரு சுருக்கும், லேசான பழவாசமும் சேர்த்துப் பாருங்கள். அதைத்தான் இங்கே செய்யப்போகிறோம்.

நான் இந்த வேலைக்குள் வந்தது பீர் ஆசையில்தான், அதை மறைக்க விரும்பவில்லை. மேல்நாடுகளில் கோடைக்கென்று ஏல் என்ற பீர் வகையை லேசாக, பழவாசத்தோடு வீட்டிலேயே செய்வார்கள். முளைகட்டி உலர்த்திய பார்லி, கசப்புக்கு ஹாப்ஸ் என்ற கொடியின் பூ, ஈஸ்ட், தண்ணீர். அவ்வளவுதான் சரக்கு. 20 டிகிரியை ஒட்டிய அறையில் இரண்டு வாரம் புளிக்க விடுவார்கள். நமக்கு இதில் இரண்டு தடை. ஒன்று சட்டம். 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் தமிழ்நாட்டில் இன்றும் நடப்பில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம், 'எங்க வீட்டுக்கு மட்டும்தான்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இன்னொன்று வெயில். சித்திரையில் என் அடுப்படி இரவு பத்து மணிக்கும் 33 டிகிரி காட்டும். அந்தச் சூட்டில் சாதாரண ஏல் ஈஸ்ட் தறிகெட்டு ஓடி, நகப்பூச்சு வாடையைக் கொண்டுவந்துவிடும். ஆகவே பார்லியை மறந்துவிட்டு இஞ்சிக்கு வந்தேன். வந்த பிறகு திரும்பிப் போகத் தோன்றவில்லை.

இஞ்சியை வைத்து நுரை வரவழைப்பது பழைய வழக்கம். இஞ்சித் தோலில் ஈஸ்ட்டும், தயிரைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாவின் உறவினர்களும் இயல்பாகவே குடியிருக்கின்றன. அவற்றுக்குச் சர்க்கரையும் தண்ணீரும் கொடுத்தால் பெருகும். பெருகிய நீரை இனிப்பான பானகத்தில் கலந்து, மூடி இறுக்கி வைத்தால், ஈஸ்ட் வெளிவிடுகிற கரியமில வாயு தப்பிக்க வழியில்லாமல் தண்ணீரிலேயே கரையும். மூடியைத் திறக்கும்போது அது நுரையாகச் சீறி வரும். பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரியான வேலைதான் என்பதால் எங்கள் வீட்டில் இந்தப் பெருகிய நீருக்கு 'இஞ்சி உறை' என்றே பெயர்.

இஞ்சி உறை

வாய் அகன்ற ஒரு லிட்டர் கண்ணாடிப் பாட்டிலோ பீங்கான் ஊறுகாய் ஜாடியோ வேண்டும். பித்தளை, செம்பு, அலுமினியம் வேண்டாம். புளிப்பு ஏறியதும் உலோகத்தை அரிக்கும். எவர்சில்வர் பரவாயில்லை, ஆனால் உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. முதல் தடவை செய்கிறவர் பார்த்துத்தான் பழக வேண்டும், ஆகவே கண்ணாடிதான் நல்லது. கொதிக்கும் தண்ணீரை உள்ளே ஊற்றி அலசிக் கவிழ்த்து வையுங்கள். கண்ணாடியில் ஒரேயடியாக ஊற்றினால் விரிசல் விடும். முதலில் வெதுவெதுப்பான தண்ணீர், அப்புறம் கொதிநீர்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் கறாராக இருங்கள். மாநகராட்சிக் குழாயில் வருவதில் கிருமியைக் கொல்ல குளோரின் போட்டிருப்பார்கள். நாம் வளர்க்க நினைப்பதும் கிருமிதான், அதையும் அது விட்டுவைக்காது. ஒரு அகன்ற பாத்திரத்தில் பிடித்து இரவு முழுக்கத் திறந்து வைக்கலாம், அல்லது கால் மணி நேரம் கொதிக்கவிட்டு ஆறவைக்கலாம். கேன் தண்ணீர் என்றால் அப்படியே பயன்படுத்தலாம். போர் தண்ணீரின் உப்பு பானகத்தின் ருசியைக் கெடுத்துவிடும்.

இஞ்சியைத் தோல் சீவக் கூடாது. உறைக்கு வேண்டிய உயிர் அந்தத் தோலில்தான் இருக்கிறது. கடையில் பளபளவென்று கழுவி அடுக்கியதைவிட மண் ஒட்டிய இஞ்சியாகப் பார்த்து வாங்கி, குழாயடியில் மண் போக மட்டும் அலசுங்கள். தேய்த்துக் குளிப்பாட்ட வேண்டாம்.

அரை லிட்டர் தண்ணீர், துருவிய இஞ்சி இரண்டு மேசைக்கரண்டி, வெள்ளைச் சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி. கலக்கி, வாயை மெல்லிய வெள்ளைத் துணியால் மூடி ரப்பர் பேண்ட் போட்டு, வெயில் படாத இடத்தில் வையுங்கள். நாட்டுச் சர்க்கரையிலும் உறை நன்றாக வரும், வேகமாகவே வரும். ஆனால் தண்ணீர் பழுப்பாகி நுரை எது, பூஞ்சை எது என்று தெரியாமல் போகும். முதல் உறைக்கு வெள்ளையே இருக்கட்டும்.

மறுநாளிலிருந்து தினமும் ஒரு மேசைக்கரண்டி துருவிய இஞ்சியும் ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையும் போட்டு, சுத்தமான கரண்டியால் கலக்குங்கள். காலை, மதியம், இரவு என்று மூன்று தடவை கலக்கினால் மேலே பூஞ்சை பிடிக்காது. பாட்டிலுக்குக் கீழே ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் வையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் எழுவதற்கு முன்னால் எறும்பு எழுந்துவிடும்.

புத்தகக் கணக்கு இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறது. குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்புகள் ஐந்து முதல் ஏழு நாள் என்று சொல்லும். நானும் அப்படியே நம்பி, ஒரு வைகாசியில் ஏழு நாள் காத்திருந்தேன். ஏழாம் நாள் பாட்டிலில் இருந்தது காடிதான்; வாயில் வைக்க முடியவில்லை. மூன்றாம் நாளே அது தயாராகி, எனக்காகக் காத்திருந்து அலுத்துப் போயிருக்கிறது. அம்மாதான் கேட்டார்: "இட்லி மாவு பொங்குறதைக் கடிகாரம் பார்த்தாடா சொல்றோம்?"

அதற்கப்புறம் நான் நாள் எண்ணுவதில்லை. மாவைப் பார்க்கிற மாதிரியே பார்க்கிறேன். உறை தயாரானால் இஞ்சித் துருவல் மேலே மிதந்து ஏறும், ஓரமெல்லாம் சிறு குமிழிகள் கட்டும், கரண்டி விட்டுக் கலக்கினால் சோடா திறந்த மாதிரி 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கேட்கும். காதை வைத்துக் கேளுங்கள், தவறாது. வாசனை இஞ்சியும் புளித்த மாவும் கலந்தாற்போல இருக்கும். அடியில் வெள்ளையாக வண்டல் படிவது ஈஸ்ட், பயமில்லை. சித்திரை, வைகாசியில் இரண்டரை, மூன்று நாள். மார்கழிக் குளிரில் ஆறேழு நாள்கூட ஆகும். கோடையில் ஐந்து நாள் ஆகியும் ஒரு குமிழியும் இல்லையா? இஞ்சியை மாற்றிப் புதிதாகத் தொடங்குங்கள்.

மேலே பச்சையாகவோ கறுப்பாகவோ ரோஜா நிறத்திலோ பஞ்சு மாதிரி எதுவும் முளைத்தால் அள்ளிப் போட்டுவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். மொத்தமும் சாக்கடைக்குத்தான். அழுகிய முட்டை வாடை வந்தாலும் அதே கதி. இஞ்சி விலை என்ன பெரிய விலை?

பானகம் போடுவது

இரண்டு லிட்டருக்கு என் அளவு இது: பொடித்த வெல்லம் 150 கிராம், நசுக்கிய இஞ்சி 50 கிராம், ஏலக்காய் நாலு, எலுமிச்சம்பழம் மூன்று, ஒரு சிட்டிகை உப்பு, இஞ்சி உறையின் தெளிவு 100 மில்லி.

அரை லிட்டர் தண்ணீரில் இஞ்சியையும் வெல்லத்தையும் போட்டு பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். இறக்கும்போது ஏலக்காயைத் தட்டிப் போட்டு மூடுங்கள். ஆறியதும் துணியில் வடிகட்டினால் வெல்லத்து மண்ணும் தூசியும் நின்றுவிடும். மீதித் தண்ணீரை ஊற்றி இரண்டு லிட்டர் ஆக்கி, எலுமிச்சைச் சாறு பிழிந்து, உப்பு போடுங்கள். ருசி பாருங்கள். குடிக்க விரும்புவதைவிட ஒரு படி கூடுதலாக இனிக்க வேண்டும், ஈஸ்ட் கொஞ்சம் தின்றுவிடும். சுக்குத்தூள்தான் போடுவேன் என்பவர்கள் போடலாம், காரம் நன்றாக இருக்கும். ஆனால் தூள் அடியில் சேறு மாதிரி நிற்கும். கருப்பட்டியும் போட்டுப் பார்த்தேன். அதன் வாசம் மற்ற எல்லாவற்றையும் ஓரம் கட்டிவிடுகிறது.

எலுமிச்சைச் சாற்றை விட்டுவிடாதீர்கள். ருசிக்காக மட்டும் சொல்லவில்லை. புளிப்பான நீரில் கெட்ட கிருமிகள் சுலபத்தில் வளராது.

இப்போது உறை. கலவை முழுக்க ஆறியிருக்க வேண்டும். தயிருக்கு உறை ஊற்றும்போது இருக்கிற இளஞ்சூடுகூட வேண்டாம், அறைச்சூட்டுக்கே வரட்டும். சூட்டில் ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும், அப்புறம் எத்தனை நாள் வைத்தாலும் வெறும் பானகம்தான். 100 மில்லி தெளிவை வடித்து ஊற்றிக் கலக்குங்கள். எடுத்த அளவுக்கு உறைப் பாட்டிலில் தண்ணீரும், இஞ்சி, சர்க்கரை ஒவ்வொரு கரண்டியும் போட்டால் அது மறுபடி தேறிவிடும். அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து வாரம் ஒருமுறை தீனி போட்டால் போதும்.

பாட்டில்: இங்கேதான் ஆபத்து

நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. மூடிய பாட்டிலுக்குள் வாயு சேரச் சேர அழுத்தம் ஏறும். நம் வெயிலில் மணிக்கணக்கில் ஏறும்.

முதல் வருடம் அழகுக்கு ஆசைப்பட்டு, பழைய கண்ணாடி ஜூஸ் பாட்டில்களில் ஊற்றி இறுக்கி மூடி, பரணில் வைத்துவிட்டு ஒரு கல்யாணத்துக்காகத் திருமங்கலம் போய்விட்டேன். ராத்திரி தங்க வேண்டியதாகிவிட்டது. மறுநாள் பூட்டைத் திறந்தால் அடுப்படிச் சுவரெல்லாம் வெல்லத் தண்ணீர், தரை முழுக்கக் கண்ணாடிச் சில்லு, பரணிலிருந்து வாசல் வரைக்கும் எறும்புச் சாரை. பக்கத்து வீட்டு அத்தை, "ஏப்பா, ராத்திரி உங்க வீட்லயா வெடி போட்டாங்க?" என்று கேட்டார். வீட்டில் ஆள் இல்லாதது அதிர்ஷ்டம். ஆள் இருந்து, கண்ணில் பட்டிருந்தால்? அன்றோடு கண்ணாடியை விட்டேன்.

தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஒரே பாட்டில்தான்: குளிர்பானம் வந்த காலி பிளாஸ்டிக் பாட்டில். விருதுநகரில் 1916இல் தொடங்கிய காளிமார்க் கம்பெனியின் பொவண்டோ பாட்டிலானாலும் சரி, சாதா சோடா பாட்டிலானாலும் சரி, அவை வாயு அழுத்தம் தாங்குவதற்கென்றே செய்யப்பட்டவை. மினரல் வாட்டர் பாட்டில் மெல்லியது, அதற்கு ஆகாது. கோலி சோடா பாட்டிலில் அடைக்கலாமே என்று கேட்பார்கள். நானும் முயன்று தோற்றேன். 1872இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கிய அமைப்பு அது. உள்ளே வாயு பலமாக இருந்து, பாட்டிலைத் தலைகீழாக்கினால்தான் கோலி மேலே போய் வாயை அடைக்கும். நம் உறை மெதுவாக ஊதுகிற வாயுவுக்கு அது அசையாது.

பிளாஸ்டிக்கில் இன்னொரு வசதி, கையால் அமுக்கிப் பார்க்கலாம். நாலு விரல் இடம் விட்டு ஊற்றி, மூடியை இறுக்கி, ஒரு வாளிக்குள் நிறுத்தி, மேலே துண்டைப் போட்டு இருட்டான மூலையில் வையுங்கள். கோடையில் ஆறு மணி நேரம் கழித்து முதல் தடவை அமுக்குங்கள். அதன் பின் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. கடையில் வாங்கிய, திறக்காத சோடா பாட்டில் ஒன்றை அறைச்சூட்டில் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்ல உபாயம். அது கல் மாதிரி இருக்கும். உங்களுடையது அதைவிட ஒரு படி தளர்வாக, விரலை அழுத்தினால் கொஞ்சம் உள்ளே போய்த் திரும்புகிற பதத்தில் இருக்கும்போதே எடுத்துக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள். என் வீட்டில் சித்திரையில் பத்து முதல் பதினாலு மணி நேரம். காலையில் போட்டால் ராத்திரி படுக்கப் போகும் முன் உள்ளே போய்விடும். சாயந்திரம் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

பதம் தாண்டிவிட்டதா? மூடியை மெல்ல, சீறல் வரும் அளவுக்கு மட்டும் திருப்பி, உடனே இறுக்குங்கள். வாயு கொஞ்சம் போகும், பாட்டில் தளரும்.

எட்டு மணி நேரமாவது குளிரட்டும். குளிர்ந்த நீரில்தான் வாயு நன்றாகக் கரைந்து நிற்கும். சூடாகத் திறந்தால் பாதி பானகம் உங்கள் சட்டையில். உள்ளே வைத்துவிட்டால் ஈஸ்ட் செத்துவிடாது, மந்தமாக வேலை செய்துகொண்டே இருக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை மூடியைத் தளர்த்தி, நாலைந்து நாளுக்குள் குடித்துவிடுங்கள். கரண்ட் நாலு மணி நேரம் போனால் அன்றைக்கு ஒருதரம் அமுக்கிப் பார்ப்பது அவசியம்.

சாராயம் சேருமா?

சேரும், கொஞ்சம். ஈஸ்ட் ஒரு கிராம் சர்க்கரையைத் தின்றால் ஏறக்குறைய பாதி வாயுவாகவும் பாதி சாராயமாகவும் மாறும். லேசான நுரைக்கு லிட்டருக்கு 4 கிராம் வாயு வேண்டும். அதோடு வருகிற 4 கிராம் சாராயம், அளவில் சுமார் அரை சதவீதம். உறையில் ஏற்கெனவே இருப்பதும் துளி சேரும். பாக்டீரியாவும் சர்க்கரையில் பங்கு கேட்பதால் கணக்கு கொஞ்சம் குறையவும் செய்யும். கோலி சோடாவின் காரம் வேண்டும் என்று இன்னும் விட்டுவைத்தால் வாயு 8 கிராமாகும், சாராயம் ஒரு சதவீதத்தைத் தொடும். நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் 0.5 சதவீதத்தைத் தாண்டினால் மதுபானம் என்றே வகைப்படுத்துகின்றன. பாட்டில் கல்லாகும் முன் நிறுத்தச் சொன்னதற்கு வெடிப்பு ஒரு காரணம், இது இன்னொரு காரணம்.

நான் கடைப்பிடிக்கிற வழி: லேசான நுரையில் நிறுத்தி, டம்ளரில் பாதி இது, பாதி கடைச் சோடா என்று கலப்பது. நுரையும் தூக்கலாக இருக்கும், சாராயமும் பாதியாகக் குறையும். அப்படியும் குழந்தைகளுக்கு, கர்ப்பிணிகளுக்கு, மதத்தாலோ மருந்தாலோ துளிகூட ஆகாதவர்களுக்கு இதைக் கொடுப்பதில்லை. அவர்களுக்கு உறை ஊற்றும் முன் ஒரு செம்பு பானகம் எடுத்து வைத்துவிடுவேன். அதில் சோடா ஊற்றினால் யாருக்கும் குறை தெரியாது. சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை: ஈஸ்ட் தின்றது போக வெல்லம் நிறையவே மிச்சம் இருக்கும்.

பழம் சேர்ப்பது

பழவாசத்தை முதல் தடவையிலேயே முயல வேண்டாம். வெறும் பானகத்தில் இரண்டு முறை கை பழகட்டும். அப்புறம் பாட்டிலில் ஊற்றும் நேரத்தில் லிட்டருக்கு 100 மில்லி பழச்சாறு சேர்த்து, வெல்லத்தை நூறு கிராமுக்குக் குறையுங்கள்.

இதுவரை செய்ததில் எனக்குப் பிடித்தது பன்னீர் திராட்சை. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வருகிற அந்தக் கறுப்பு திராட்சையை நசுக்கித் துணியில் பிழிந்து ஊற்றினால் நிறமும் வாசமும் கோடை ஏலைத் தேடிப் போனவனையே திரும்பிப் பார்க்க வைக்கும். திராட்சை சேர்த்தது மட்டும் மற்றதைவிட வேகமாக ஊதும். ஆறு மணி நேரத்துக்குப் பதிலாக நாலு மணி நேரத்திலேயே அமுக்கத் தொடங்குங்கள். அன்னாசியும் அப்படித்தான்.

மாம்பழம் எல்லோரும் கேட்பது. நத்தம் பக்கத்துப் பழம் மாட்டுத்தாவணிச் சந்தையில் குவிகிற நாளில் எனக்கும் கை அரிக்கும். ஆனால் விழுது அப்படியே போனால் ஒவ்வொரு நாரைச் சுற்றியும் வாயு குமிழி கட்டும். மூடியைத் திறந்ததும் முக்கால் பாட்டில் மேலே பீறிடும். சாற்றைத் தண்ணீர் விட்டு இளக்கி, துணியில் இரண்டு தடவை வடிகட்டிச் சேருங்கள். பழுத்து வழிகிற பழத்தைவிடக் கொஞ்சம் புளிப்பு மிச்சமுள்ளது நன்றாக இருக்கிறது. நெல்லிக்காய் எனக்குச் சரிப்படவில்லை, துவர்ப்பு நுரையோடு சேர்ந்து தொண்டையைப் பிடிக்கிறது. சிறுமலை வாழைப்பழம் போட்டுப் பார்த்த நண்பர் அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை.

நன்னாரி வேரை இஞ்சியோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் வேறொரு பானம் கிடைக்கும். அதற்கு எலுமிச்சை இரண்டு போதும்.

உறையில் வடிகட்டிய இஞ்சிச் சக்கை வாரக்கணக்கில் சேர்ந்துவிடும். மாதம் ஒருமுறை பழையதை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உறை கசக்கும். முதலில் கறிவேப்பிலைச் செடிக்குப் போட்டேன், சர்க்கரை வாசத்துக்கு எறும்பு வந்ததுதான் மிச்சம். இப்போது அம்மா அதைப் பிழிந்து, புளியைப் பாதியாகக் குறைத்து, காய்ந்த மிளகாயும் உளுந்தும் வறுத்து வைத்துத் துவையல் அரைத்துவிடுகிறார். தயிர்சாதத்துக்கு நன்றாக இருக்கிறது.